தந்தையார், படுத்த நிலை

என் அண்ணனுக்கு மயிலாடியில் சிற்பப் பட்டறை. சாலையை ஒட்டிய தகரக் கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் கல் செதுக்குவார்கள். வெளியே முற்றத்தில் விநாயகர்கள், அம்மன்கள், துவாரபாலகர்கள், இரண்டு மூன்று தலைவர்கள் எல்லாரும் வெயிலில் நின்று லாரிக்காகக் காத்திருப்பார்கள். நான் கல்யாணம் ஆகிக் கொட்டாரத்துக்குப் போனவள். பஸ்ஸில் கால்மணி நேரம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். பிறந்த வீட்டில் தொழில், தங்கைக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்ற இரண்டு சங்கதிகளையும் அண்ணன் இருபது வருஷமாகச் சேர்த்துப் பார்த்ததில்லை. ஒரு ஏப்ரல் மாதத்தில் திடீரென்று சேர்த்துப் பார்த்துவிட்டான்.

காரணம், அதே சாலையில் புதிதாகக் கடை போட்ட ஒருவர்.

"அவன் கடையில கல்லே கிடையாது, கேட்டியா? ஒரு மேசை, ஒரு ஃபேன். வேற பட்டறையில செஞ்சு வாங்கி அனுப்புகான். ஆனா வெப்சைட் இருக்கி. அதுல ஐநூறு சிலை நிக்கி" என்றான் அண்ணன். "எனக்க முற்றத்துல நிசமாட்டு அம்பது நிக்கி, ஒருத்தனும் பாக்க மாட்டேங்கான்."

"எனக்கு வெப்சைட் போட்டுப் பழக்கமில்லண்ணே. நான் பிள்ளைகளுக்குப் பாடம்தான் எடுக்கேன்."

"பாடம் எடுக்கவளுக்குப் பழக்கம் எதுக்கு?"

இதை அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுருக்கென்று தைத்தது. கோடை விடுமுறை முழுவதையும் அந்த வெப்சைட்டுக்குக் கொடுப்பதென்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பக்கங்கள் அமைப்பது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்புக்கு. 'எங்களைப் பற்றி' பகுதிக்கு அண்ணன் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தான். அதில் சோழர்களும் பாண்டியர்களும் இருந்தார்கள், பட்டறையின் போன் நம்பர் இல்லை. அதையெல்லாம் சரிக்கட்டிவிடலாம். உண்மையான வேலை படங்களில் இருந்தது. அண்ணன் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் முந்நூறுக்கு மேல் இருக்கும். பாதிப் படங்களில் அவனுடைய கட்டைவிரலும் விழுந்திருந்தது. ஒரு மகாலட்சுமியின் மடியில் யாரோ தூக்குவாளியை வைத்திருந்தார்கள். ஆறடி உயர அனுமார் ஒருவரின் நீட்டிய கையில் லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் படத்தை ஒதுக்கியபோது அண்ணனுக்கு வருத்தம்.

"அனுமார் நல்லா வந்திருக்காரே?"

"லுங்கியும் நல்லா வந்திருக்குண்ணே."

கடைசியில் நாற்பது படங்கள் தேறின. இவற்றை வரிசையாக அடுக்கிக் காட்டவும், தொட்டால் பெரிதாக விரியவும், தள்ளினால் அடுத்தது வரவும் ஒரு கேலரி பிளகின் வேண்டும். பிளகின் என்பது ஏற்கெனவே உள்ள வெப்சைட்டில் நாம் கொண்டுபோய் மாட்டுகிற துணைக்கருவி. யாரோ எங்கிருந்தோ எழுதி இலவசமாக விட்டிருப்பார்கள். இருபது முப்பது பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் மாதிரிப் பக்கம். அதில் ஒரு வெள்ளைக்கார மணப்பெண் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தாள். தொட்டால் பூப்போல விரிந்தாள். இந்த மாதிரி விரிந்தால் எங்கள் பைரவருக்கும் நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

படங்களை எப்படி அடுக்குவது என்று பிளகின் கேட்டது. மூன்று வழிகள் இருந்தன. ஒன்றுக்குப் பெயர் 'மேசன்ரி'. செங்கலும் கருங்கல்லும் கலந்து சுவர் கட்டுவதுபோல, உயரமான படம் உயரமாகவும் குட்டையானது குட்டையாகவும் ஒன்றோடொன்று இடுக்கில்லாமல் பொருந்தி உட்காரும். எங்கள் சிலைகளுக்கு அதுதான் சரி. அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். அவன் திரையில் இருந்த சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"மேசன்னா கொத்தனாரு இல்லியா?"

"ஆமா. அது சும்மா ஒரு பேரு."

"நாம கொத்தனா?"

"இது வெளியே யாருக்கும் தெரியாதுண்ணே. உள்ளே செட்டிங்க்ஸ்ல மட்டும்தான் இருக்கும்."

"எனக்குத் தெரியும்லா" என்றான். "அப்பாக்க காலத்துலயிருந்து ஊருக்காரன் எல்லாருகிட்டயும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சாச்சு, கொத்து வேலை வேற, சிற்ப வேலை வேறன்னு. எனக்க சொந்தக் கடை வெப்சைட்டுக்குள்ள நானே கொத்தன்னு ஒத்துக்கவா?"

கொத்தனாருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டைக் கட்டியவரே அண்ணனுடைய கூட்டாளிதான். ஆனால் அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து, இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாம் ஒரே அளவுச் சதுரம். திரையில் பார்க்க வெகு ஒழுங்கு. வெப்சைட் வெளியே போனது. அண்ணன் தெரிந்தவர், தெரியாதவர், பழைய வாடிக்கையாளர், லாரி டிரைவர் எல்லாருக்கும் லிங்க் அனுப்பினான்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு கோயில் கமிட்டித் தலைவர் கூப்பிட்டார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான்.

"என்ன மேஸ்திரி, உங்க கடையில தலையில்லாத சாமிதான் விக்கியளா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் நன்றாக இருந்தது. அவர் பார்த்தது போனில். போனில் சதுரம் இன்னும் சின்னதாகி, நின்ற கோலத்தில் இருந்த அத்தனை தெய்வங்களையும் பிளகின் நடுவில் பிடித்து மேலும் கீழும் வெட்டியிருந்தது. முருகனுக்குக் கழுத்துக்கு மேல் இல்லை. அம்மன்களுக்கு இடுப்பு மட்டும். எங்கள் தொழிலில் விரல் நுனி உடைந்தாலே அந்தச் சிலையைக் கோயிலுக்குக் கொடுக்க மாட்டார்கள். நான் ஒரே அழுத்தலில் பதினெட்டுச் சிலைகளின் தலையை எடுத்துவிட்டு மூன்று நாள் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

செட்டிங்க்ஸில் தேடியபோது 'மேலிருந்து பிடி' என்று ஒரு வசதி இருந்தது. போட்டேன். தலைகள் வந்தன, பாதங்கள் போயின. அதே தலைவர் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை அவர் குரலில் கோபம் இல்லை, ஒரு மாதிரி அனுதாபம் இருந்தது. "மேஸ்திரி, பாதம் இல்லாம நாங்க எங்க பூ போடது?" கடைசியில் முழுப் படத்தையும் சதுரத்துக்குள் அடக்கி, இரண்டு பக்கமும் வெள்ளை இடம் விட்டேன். சாமிகள் எல்லாரும் கதவிடுக்கில் நிற்பதுபோல ஆனார்கள். ஆனால் முழுசாக நின்றார்கள்.

இதற்குள் ஒரு பாடம் படித்திருக்க வேண்டும். ஆனால் அப்போது எனக்குக் குறிப்பு எழுதுகிற உற்சாகம் வந்திருந்தது.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி. என்ன சிலை, என்ன உயரம், என்ன விசேஷம். அண்ணன் சொல்லச் சொல்ல நாற்பது வரிகள் எழுதிப் படத்தின் வரிசைப்படி ஏற்றினேன். 'முருகன், வேலும் மயிலும் தனித்தனியே பொருத்தப்படும்.' 'துவாரபாலகர், இணையாகவே கிடைக்கும்.' 'நந்தி, படுத்த நிலை, ஒரே கல், வெயில் மழைக்குத் தாங்கும்.' மனிதச் சிலையும் செய்வோம் என்று உலகத்துக்குத் தெரியட்டும் என்று, பட்டறையில் அப்போது முடியும் தறுவாயில் இருந்த ஒரு மார்பளவுச் சிலையையும் அண்ணன் சேர்க்கச் சொன்னான். அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டக்காரர் ஒருவரின் சிலை. இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இரண்டு மகன்கள் ஆர்டர் கொடுத்திருந்தார்கள், மூத்தவர் ஊரில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, இளையவர் துபாயில். அதன் குறிப்பு: 'மார்பளவுச் சிலை, வாடிக்கையாளரின் அன்புத் தந்தையார்.' அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் ஒருநாள் அண்ணன் சொன்னான், "விநாயகர் எதுக்கு முப்பத்தொண்ணாவதா இருக்காரு? அவரை முன்னால கொண்டு வா மக்கா."

நியாயமான பேச்சு. படத்தைப் பிடித்து இழுத்து முதலில் விட்டேன். அத்தனை படங்களும் ஒவ்வொரு இடம் பின்னால் நகர்ந்து அவருக்கு வழிவிட்டன. பார்க்க அழகாக இருந்தது. குறிப்புகள் நகரவில்லை. பிளகின் குறிப்பைப் படத்தோடு கட்டிவைக்காமல் இடத்தோடு கட்டிவைத்திருந்தது. இது எனக்குத் தெரியாது. எனக்கு மட்டுமா, வெப்சைட்டைப் பார்த்த யாருக்குமே மூன்று வாரம் வரைக்கும் தெரியவில்லை. விநாயகருக்குக் கீழே வேலும் மயிலும் தனியே பொருத்தப்படும் என்று இருந்தது. அண்ணன் தம்பிக்குள் என்பதால் யாரும் புகார் சொல்லவில்லை போலும்.

புகார் வந்தது துபாயிலிருந்து. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. இடைவேளையில் அண்ணனின் போன்.

"ஏட்டி, அந்த நந்தியை எங்க வச்ச?"

"எந்த நந்திண்ணே?"

"அருமனைக்காரனுக்க அப்பன் நந்தி!"

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து போனில் திறந்து பார்த்தேன். தோட்டக்காரர் தடித்த மீசையோடும் நெரித்த புருவத்தோடும் என்னை முறைத்தார். அவருக்குக் கீழே: 'நந்தி, படுத்த நிலை, ஒரே கல், வெயில் மழைக்குத் தாங்கும்.' அதற்கு முந்தைய இடத்தில் கதாயுதமும் கோரைப்பல்லுமாக நின்ற துவாரபாலகருக்குக் கீழே: 'வாடிக்கையாளரின் அன்புத் தந்தையார்.' அவர்களுடைய சித்தப்பா மகன் ஒருவன் இதைப் பார்த்துப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறான். கூடவே சிரிக்கிற பொம்மைகள் பதினாலு. பதினாலு என்பது துபாய்க்காரர் எண்ணிச் சொன்னது.

இருபது நிமிஷத்தில் அத்தனை குறிப்பையும் ஒவ்வொரு இடம் தள்ளிவைத்துச் சரிசெய்தேன். இளையவருக்கு நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

"சரி பண்ணியாச்சு சார். இப்ப பாருங்க."

அவர் பார்த்தார். "எங்க சரி பண்ணுனீங்க? இங்க எங்க அப்பா மாடாத்தானே நிக்காரு?"

நிற்கவில்லை, படுத்திருந்தார். ஆனால் அதைச் சொல்லும் சமயம் அதுவல்ல. வேகமாகத் திறக்கவேண்டும் என்பதற்காகப் பழைய பக்கத்தின் நகலைப் போனும் வெப்சைட்டும் சில காலம் தங்களுக்குள் வைத்திருக்கும். பழையதை மறந்தால்தான் புதியது தெரியும் என்று விளக்கினேன். பதினோராம் வகுப்புக்கு நான் இதை நன்றாக நடத்துவேன். அவருக்கு அது ஒரு கல்நெஞ்சக்காரியின் சாக்காகத்தான் பட்டது. "நீங்க மாத்தல. மாத்தினேன்னு பொய் சொல்லுதீங்க. அதுவும் எங்க கிட்ட கேக்காமலே போட்டிருக்கீங்க" என்றார். நான்கு நாட்கள் அவர் அப்பா கொட்டாரத்தில் மனிதராகவும் துபாயில் நந்தியாகவும் இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் ஊரிலிருக்கும் மூத்த மகன் காரில் வருகிறார், கூட அம்மாவையும் கூட்டிவருகிறார் என்று தகவல் வந்தது. "நீயும் வா. எழுதினவ நீதானே" என்றான் அண்ணன். முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். போகிற வழியெல்லாம் மன்னிப்புக் கேட்பதற்கு வாக்கியங்கள் அமைத்துக்கொண்டே போனேன். அண்ணன் பட்டறையைக் கூட்டிப் பெருக்கி, முற்றத்தில் படுத்துக்கிடந்த இரண்டு நந்திகள் மேலும் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தான்.

மூத்தவர் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், கோபத்தை நல்ல சட்டைபோலப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பின்னால் அம்மா, எழுபதைத் தாண்டியவர், கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தோம். நான் வாயைத் திறக்கும் முன்னால் அவர் கையை நீட்டினார்.

"எங்க, அதைக் காட்டு பாப்பம். இவன் ஒரு வாரமா எனக்குக் காட்ட மாட்டேங்கான். அம்மைக்கு மனசு தாங்காதுன்னு சொல்லுகான்."

"மாத்தியாச்சும்மா. இப்ப அப்படி இல்ல..."

"மாத்தினது வேண்டாம். முதல்ல இருந்ததைக் காட்டு."

வேறு வழியில்லை. சித்தப்பா மகன் எடுத்த அந்தப் படம் அண்ணனின் போனில் இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கிக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உதடசையப் படித்தார். ஒரு தரம் படித்து, மறுபடியும் படித்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அண்ணன் தண்ணீர் எடுக்க ஓடினான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"படுத்த நிலை" என்றார், மூச்சை இழுத்துக்கொண்டு. "எழுதினது நீயா மக்கா? உனக்கு அவரைத் தெரியுமா?"

"இல்லம்மா, தப்பா வந்து..."

"தப்பு ஒண்ணும் இல்ல. நாப்பது வருசம் வாசல மறிச்சுச் சாய்வு நாற்காலியைப் போட்டுப் படுத்திருந்தாரு. வாரியலும் முறமுமா நான் நின்னுக்கிட்டு, கொஞ்சம் எழும்புங்கன்னு சொன்னா, தலைய மட்டும் இப்படித் திருப்புவாரு. பொறவு பழையபடி திருப்பிக்கிடுவாரு. வாயில வெத்தல. வெயில் மழைக்குத் தாங்கும்னு போட்டிருக்கியே, அதுவும் நிசந்தான். ஒரு நாள் சாரல் அடிக்கப்பவும் எழும்பல்ல."

"அம்மா" என்றார் மூத்தவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"என்ன அம்மா? நான் வெலகி வெலகி நடந்திருக்கேன். உனக்கு என்ன தெரியும், நீ பின்வாசல் வழியா போயிருவ."

பட்டறையில் உளிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. வேலையாட்கள் குனிந்த தலையோடு கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பை அடக்குகிறவர்கள் கல்லை அவ்வளவு அக்கறையாகத் துடைத்து நான் பார்த்ததில்லை. நான் பஸ்ஸில் அமைத்த வாக்கியங்கள் ஒன்றும் தேவைப்படவில்லை.

வந்ததற்குச் சிலையையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அண்ணன் மேலே மூடியிருந்த சாக்கை விலக்கினான். மூத்தவர் கைகூப்பினார். அம்மாவின் சிரிப்பு நின்றது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யாரு?"

அம்மா இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார்.

"நல்ல வேலைப்பாடு. ஆனா இது ஆரோ போலீஸ்காரன். இவரு இப்படி ஒரு நாளும் பாத்ததில்ல."

அண்ணனுக்கு முகம் கறுத்தது. நந்தி விஷயத்தில் எத்தனை பேச்சு வாங்கினாலும் அது என் கணக்கு. இது அவன் வேலை. "அவங்க குடுத்த படத்தைப் பாத்துத்தாம்மா செஞ்சேன். அச்சு அசலா இருக்கு" என்று படத்தை எடுத்துக் காட்டினான். உண்மைதான், அதே நெரித்த புருவம், அதே முறைப்பு. மீசையை மட்டும், படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் கொஞ்சம் தடிமனாக்கியிருக்கலாம்.

"தம்பிதான் அனுப்பினான்" என்றார் மூத்தவர். "அவன் போன்ல இருந்த படம். எனக்கும் பிடிச்சுது. சிலைன்னா ஒரு கம்பீரம் வேண்டாமாம்மா?"

"கம்பீரம் வேணும்னா அதுக்குண்டான ஆளைப் பிடிக்கணும். உங்க அப்பனை ஏன் பிடிச்சீங்க?"

மூத்தவர் துபாய்க்கு வீடியோ கால் போட்டார், தம்பியே அம்மாவைச் சமாதானம் செய்யட்டும் என்று. தம்பியின் முகம் வந்தது. போனை அம்மா வாங்கிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். போனை முகத்துக்கு நேராகத் தூக்கி, கண்ணைச் சுருக்கி, புருவத்தை நெரித்து, திரையில் அங்குமிங்கும் தேடினார்.

"எலே, இதுல நீ எங்க இருக்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சிலையைப் பார்த்தேன். அதே புருவம், அதே இரண்டு கோடுகள்.

"அம்மா, ஏன் அப்படி முறைக்கீங்க?" என்று கேட்டது துபாய்.

அம்மா போனைக் கொஞ்சம் தாழ்த்தினார். சிலையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

"நீ அனுப்பின படம் இப்படிப் பேசும்போ எடுத்ததா மக்களே?"

"ஆமா. கடைசியா பேசினப்ப எடுத்தது. அப்பாக்க படம் வேற எனக்கிட்ட இல்லியே."

"அது முறைப்பு இல்லலே. அவரு கண்ணாடி போடாம போனை எடுப்பாரு. கண்ணாடி எடுத்துக் குடுக்கேன்னா, அதுக்குள்ள அவன் வச்சிருவான்னு சொல்லுவாரு. உன்னைத் தேடுவாரு போனுக்குள்ள. நீ எங்க நிக்கன்னு."

நான் போனை எட்டிப் பார்த்தேன். இளையவர் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பியிருந்தார். பத்தொன்பது வயதில் கப்பல் வேலைக்கென்று போய், பிறகு துபாயில் தங்கிவிட்டவர். வருஷத்துக்கு ஒரு மாதம் ஊரில் இருப்பார். மற்றபடி அப்பா என்றால் அவருக்குத் திரைக்குள்ளிருந்து கோபமாகப் பார்க்கிற ஒரு முகம்தான். இதையெல்லாம் அம்மா பிறகு சொன்னார். அன்றைக்கு அவர் மகனிடம் சொன்னது, "நீ வேலைக்குப் போ. நான் பாத்துக்கிடுதேன்."

"அம்மா சொல்லுதபடி செய்யுங்க" என்று என் அண்ணனிடம் சொல்லிவிட்டு வைத்தது துபாய்.

செய்வது லேசான காரியமா? கல்லில் எடுக்கலாம், சேர்க்க முடியாது. புருவத்துக்கு நடுவில் விழுந்த இரண்டு கோடுகளை அழிக்கவேண்டும் என்றால் சுற்றியுள்ள நெற்றி முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்கவேண்டும். அண்ணன் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் காட்டினான்.

"நெத்தி ஒரு நூல் அளவு உள்ள போயிரும்மா."

"போட்டும். அவருக்குச் சின்ன நெத்திதான். அகலம் பத்தலன்னு பொண்ணு பாக்க வந்தப்பவே எங்க அம்மை சொன்னா."

"மீசை?"

"பாதியாக்கு. அதுல பாதி ஆக்கு."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அண்ணன் உளியைக் கீழே போட்டிருப்பான். பணம் கொடுத்த அமைச்சர் வீட்டு ஆள் ஒருவர் மூக்கைப் பற்றி ஏதோ சொன்னதற்கு, நீங்களே செதுக்கிக்கொள்ளுங்கள் என்று உளியை நீட்டியவன். அன்றைக்கு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பெரிய உளியை ஒதுக்கிவிட்டுச் சின்னதை எடுத்தான். அம்மா நாற்காலியைச் சிலைக்கு நேர் எதிரே போடச் சொன்னார். வீட்டில் அவர் முறத்தோடு நின்ற தூரம் அதுவாகத்தான் இருக்கும்.

மூன்று காலைகள் அவர் வந்தார். மூன்று நாளும் மூத்தவர்தான் கார் ஓட்டினார். முதல் நாள் சாலையோரம் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் தூணில் சாய்ந்து நின்றார். மூன்றாம் நாள், அவராகவே, "அப்பாக்க இடது கன்னத்துல வெத்தல ஒதுக்கி ஒதுக்கி ஒரு புடைப்பு இருக்கும்லாம்மா?" என்றார். அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார், பின்வாசல் வழியாகப் போனவன் எப்போது பார்த்தான் என்பதுபோல. புடைப்பைச் சேர்க்க முடியாது. வலது கன்னத்தை ஒரு நூல் குறைத்து இடதைப் புடைக்கவைத்தான் அண்ணன். அதோடு அவர் வந்துவிட்டார். எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான் ஒருநாளும் கண்டிராத ஒரு மனிதர், எழும்பச் சொன்னதற்குத் தலையை மட்டும் திருப்பியவர்போல, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முறைப்படி அனுமதி கேட்டேன், இந்தத் தடவை. "கம்ப்யூட்டர்ல இவரைப் போடலாமாம்மா?"

"போடு. அந்த மீசைக்காரனை எடுத்திரு."

"கீழே என்ன எழுதணும்?"

யோசித்தார். மூத்தவர், "அன்புத் தந்தையார்னே இருக்கட்டும்" என்றார். அம்மா வேண்டாமென்று கையசைத்தார்.

"தந்தையாரு உங்களுக்கு. எனக்கு? 'வீட்டில் இருந்தவர்'னு எழுது."

அப்படியே எழுதினேன். இரண்டு தடவை சரிபார்த்தேன், கம்ப்யூட்டரிலும் போனிலும், என் கணவரின் போனிலும், அடுத்த வீட்டுக்காரரின் போனிலும். துபாயிலும் சரியாகத் தெரிகிறது என்று இளையவர் தகவல் அனுப்பினார். வேறொன்றும் எழுதவில்லை.

அதற்கப்புறம் அந்த வெப்சைட்டால் என்ன பலன் என்று கேட்டால், சொல்வது கஷ்டம். நாற்பது படத்தில் ஆட்கள் அதிகம் திறந்து பார்ப்பது அவரைத்தான். சிவனையும் முருகனையும் விட அவர் முன்னால் நிற்கிறார், என்ன காரணமோ. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "அந்த 'வீட்டில் இருந்தவர்' மாடல் ஒண்ணு எங்க அப்பாவுக்கு வேணும், முகம் மட்டும் மாத்திக் கொடுத்துருங்க" என்றார்.

"படம் இருக்கா?" என்று கேட்டான் அண்ணன்.

"நல்ல படம் இருக்குங்க. ஸ்டுடியோல எடுத்தது."

"அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. ஏன்?"

"மூணு நாளைக்குக் கூட்டிட்டு வந்து இங்க உக்கார வைக்கணும்."

அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கியது. லீவு கிடைப்பது கஷ்டம், அம்மாவால் அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது, வீடியோ காலில் காட்டினால் போதாதா என்று கேட்டார். போதாது என்றான் அண்ணன். அவர் பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். இதேபோல நாலைந்து பேர் கூப்பிட்டார்கள், எல்லாரும் பார்த்துச் சொல்கிறேன் என்றார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்ற முறையில், இப்படி நிபந்தனை போட்டால் வெப்சைட் எதற்கு என்று ஒருநாள் அண்ணனிடம் கேட்டேன்.

"நான் எங்க கேட்டேன் வெப்சைட்?" என்றான் அவன், உண்மையிலேயே ஆச்சரியப்பட்டவன்போல. "நீதானே விடுமுறையில சும்மா இருக்க முடியாம போட்ட."